கடைசிக் குழி

துக்க மணி ஏழு அடித்து நிற்க வேண்டும். வயதுக்கு ஓர் அடி என்பது, அயர்லாந்திலிருந்து வந்த பிரெண்டன் சாமியார் பொன்மலைக் கோவிலில் ஏற்படுத்திய வழக்கம். இன்னாசிராஜின் மகள் ரோசலிக்கு வயது ஏழு. ஏழும் அடித்து ஓய்ந்தது. பெட்டிக்குத் தோள் கொடுத்தபோது மணி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

"யாருக்கு?"

"டிரைவர் சவரிமுத்துவுக்குங்க. எழுபத்தொண்ணு. அவங்களும் இப்பவே கிளம்புறாங்க."

இன்னாசிராஜ் ஜவுளி வியாபாரி. பேய் பிசாசு என்ற சரக்கை எந்த விலைக்கும் வாங்கியதில்லை. அங்கிக்குத் துணி எடுக்க வரும் சாமியார், தன் சொந்த ஊர்ப் பங்கின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். துணி கிழிக்கும் நேரத்தில் அதைச் சொல்லவும் செய்வார். பஞ்சத்தில் சனம் செத்து, கூரை இற்று விழுந்த கல் கோவில். அதைச் சுற்றிக் கல்லறைகள். அங்கே கடைசியாகப் புதைபட்டவர்தான் காவல். அடுத்தவரைப் புதைக்கும்வரை, தாகத்தில் கிடக்கும் அத்தனை பேருக்கும் அவரே தண்ணீர் சுமக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு சவம் வந்தால், வாசலில் முந்துவதற்கு மண்டைகள் உடையுமாம்.

"எங்க ஊர்ல பந்திக்குத்தான் சாமி முந்துவோம்," என்று அன்று சிரித்தார் இன்னாசிராஜ்.

நேற்று சாயங்காலம் குழிக்கு இடம் பார்க்கப் போனார். இலை அசையாத வைகாசிப் புழுக்கத்தில், மழையே காணாத தரையிலிருந்து ஈர மண் வாசனை எழும்பிவர, சிலுவைகளுக்கு நடுவே ஒருத்தி குடத்தை இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்குமாக மாற்றிக்கொண்டு, தோல் உரிந்து தொங்கிய கையால் கல்லறை கல்லறையாகத் தண்ணீர் வார்த்துப் போனாள். திரும்பினாள். இரண்டு வாரத்துக்கு முன் புதைத்த மரியாயி.

"யாராச்சும் வராங்களாண்ணே?"

ஏழு வயது இடுப்பில் அந்தக் குடம். நினைத்ததும் இன்னாசிராஜ் ஓடினார், பெட்டியோடு. சுமந்தவர்கள் திட்டிக்கொண்டே கூட ஓடினார்கள். முதுகுக்குப் பின்னால் மணி. முப்பது. முப்பத்தொன்று. வாசலில் இரண்டு பெட்டிகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. டிரைவரின் மகன் ஒதுங்கி நின்றான்.

"குழந்தையாச்சுங்க. நீங்க முன்னாடி போங்க."

பேரத்தில் ஜெயித்த சந்தோஷம் வந்தது இன்னாசிராஜுக்கு. அதுவும் மகளின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு.

ஜெபம் முடிந்ததும் மண்வெட்டியை அவரே பிடுங்கினார். மனைவி ஞானம்மா குறுக்கே விழுந்தாள்.

"எங்க அண்ணன் கை மண் விழாம மூடிருவீங்களா? தாய்மாமன் இல்லாத அநாதையா எம்புள்ள?"

"அமிர்தசாமி கரூர்லேருந்து வரணும். ரயில் எப்ப வருமோ..."

"வரட்டும். அதுவரைக்கும் ஒரு பிடி மண்ணு விழக்கூடாது."

"அதுதானே மாப்ளே முறை," என்றது சொந்தம்.

உன் மகள் தண்ணீர் சுமப்பாள் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? பக்கத்துக் குழியில் மண் விழத் தொடங்கியது. பலகையில் பட்டு அதிர்ந்த சத்தம், பிறகு மண்மேல் மண் விழும் மொத்தையான சத்தம். டிரைவரின் மகனிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க. எங்களுக்கு அப்புறம் மூடுங்க. என்ன வேணாலும் கேளுங்க."

"இதென்ன கடையாங்க, பேரம் பேச? போய் உக்காருங்கய்யா."

தொப்.

தொப்.

மண்வெட்டியால் தட்டிச் சமன் செய்தார்கள். சிலுவை நட்டார்கள். போய்விட்டார்கள்.

அமிர்தசாமி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அழுதான். ஒரு கை மண் போட்டான். மூடினார்கள்.

எல்லாரும் போன பிறகு, குழி வெட்டும் ஆண்டி கம்பிக் கதவைப் பூட்டினான். இன்னாசிராஜ் அவன் தோளைப் பற்றினார்.

"நாளைக்கு யாருக்குக் குழி?"

"யாருக்கும் இல்லீங்க."

"நாளன்னைக்கு? யாருக்காச்சும் முடியாம இருக்கா? சொல்லுப்பா!"

"கல்லறைத் தோட்டம் ரொம்பிருச்சுங்க. இனிமே எல்லாருக்கும் புது எடம்தான். இங்க உங்க பாப்பாதான் கடைசி."

அவன் போனான்.

ஈர வாசனை.

கம்பிக்கு உள்ளே சின்ன மூச்சு வாங்கல். குடம் அவள் மார்பு உயரம் இருந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்குப் பின்னால், சுவர்வரைக்கும், வரிசை வரிசையாக மண்ணைப் பிளந்துகொண்டு கைகள். குவிந்த கைகள். ஏந்தியபடி.

"அப்பா, ஒரு கை பிடிங்கப்பா."