வாணலியில் ஒரு சாட்சி

“கல்லை மணல்ல போட்டு வறுத்தாப் போதும்மா. கொலைகாரன் பக்கத்துல நின்னா, அது தானா எரியும்!”

சுரங்கத்தில் வேலை பார்த்துக் கிழவனான சவரியப்பன் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியவரே... ஒரு மணிக்கு வேன் வருது. ஒங்க மருமகன் பிராங்க்ளின் ரிமாண்டுக்குப் போறான். இது பைத்தியக்காரத்தனம்.”

“பத்தே நிமிஷம் குடுங்கம்மா.”

திருவரங்குளம் பக்கத்து ஈயச் சுரங்கம் அது. தோண்டிய ஈயத்தை உருக்கி ஊற்றினால் கோயில் குளமே நிரம்பும் என்பார்கள். பொய். மூன்று குளம் நிரம்பும்! கூடவே ஃப்ளோர்ஸ்பார் என்ற ஊதாக் கல்லும் கிடைத்தது.

ஈயம் தீர்ந்தது... சுரங்கத்தை மூடினார்கள். மிச்சம் ஒரு குழி, ஒரு ஆபீஸ், ஒரு மேனேஜர், ஒரு வாட்ச்மேன்.

மூன்று நாளாக வாட்ச்மேனும் இல்லை.

குழிக்குள் மண்டை பிளந்து கிடந்தான் அய்யாக்கண்ணு. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஃப்ளோர்ஸ்பார் கல். குழியில் வேலை பார்த்தவன் பிராங்க்ளின். வாட்ச்மேனோடு கடைசியாகச் சண்டை போட்டவனும் அவனே. போலீசுக்கு அது போதும்.

மேனேஜர் கோபிநாத்தின் அறை. ஜன்னல்களைச் சாத்தினார்கள். கரண்ட் அடுப்பில் வாணலி. அதில் கடலை வறுக்கிற மணல் கொதித்துக்கொண்டிருந்தது.

“மருமகன் உள்ள போறான்னதும் மூளை கலங்கிருச்சாய்யா?” கோபிநாத் கேட்டார்.

“கலங்கித்தான் கெடக்கு. நீங்க தெளிஞ்சவரு சார்... இங்கிட்டு வந்து நில்லுங்க. கல்லு எரிஞ்சா கொலைகாரன் நீங்க. எரியலைன்னா எம் மருமகன்.”

கோபிநாத்தின் உதட்டில் சிரிப்பு முட்டியது. ஆபீஸ் வித்தை இந்தக் கிழவனுக்கு எங்கே தெரியப் போகிறது!

“போடுய்யா. மேடம், நீங்களே சாட்சி.”

விலங்கோடு நின்ற பிராங்க்ளின் ஓர் அடி முன்னால் வந்தான்.

“மாமா... எரியலைன்னா நான் செத்தேன்ல?”

“ஆமாடா. சும்மா நில்லு.”

“குழிக்குள்ள கெடந்த கல்லு,” என்று அன்புச்செல்வி சீல் வைத்த கவரை நீட்டினார். உள்ளே இடித்துப் பொடியாக்கிய கல். சவரியப்பன் அதை மணலில் கொட்டினார். விளக்கு அணைந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று...

வாணலி முழுக்க நீல வெளிச்சம்! அதில் கோபிநாத்தின் முகம் பிணத்தின் முகமாய்த் தெரிந்தது.

“இல்ல... இது எரியாது மேடம்! ஒரு தடவ வறுத்த கல்லு மறுபடி எரியாது. போன மாசம் துபாய் பார்ட்டி வந்தப்ப நானே வறுத்துக் காட்டின...”

நிறுத்தினார். தாமதம்.

அன்புச்செல்வி விளக்கைப் போட்டார்.

“குழிக்குள்ள கெடந்த கல்லு சார் அது. நீங்க வறுத்த கல்லு அங்க எப்படிப் போச்சு?”

கோபிநாத்தின் கண் மேசைக்குப் போனது.

“நான் சொல்றேம்மா,” என்றார் சவரியப்பன். “பெரிய ஆளுங்க வந்தா கல்லை வறுத்து வெளிச்சம் காட்டுவாரு. வறுத்த கல்லு பேப்பர் பறக்காம இருக்க மேசைக்குப் போயிரும். நாலு இருந்துச்சு. இப்ப எண்ணிப் பாருங்க, மூணு. சூடு பட்டா ஊதா வெளுத்துரும். ஒங்க போட்டோவுல கல்லு வெள்ளை. எங்க குழியில வெள்ளையே கெடையாது.”

“ஒனக்கெப்படித் தெரியும்?” கோபிநாத் சீறினார்.

“உள்ளதான் விடமாட்டீங்க. சுரங்கம் மூடின பிறகும் வாராவாரம் வந்து, வெளிய நின்னு ஜன்னல் தொடைச்சது நான்தானே சார்.”

கோபிநாத் நாற்காலியில் சரிந்தார்.

“வெளியூர் ஈயக்கல்லைக் குழியில கொட்டி, இன்னும் ஈயம் இருக்குன்னு, சுரங்கத்தை வாங்க வந்த துபாய்க்காரனை நம்ப வச்சேன். அய்யாக்கண்ணு பார்த்துட்டான். இங்க வந்து கேட்டான்... கைக்குக் கெடச்சதை எடுத்தேன். அப்புறம் அவனையும் கல்லையும் குழியில தள்ளிட்டேன்.”

விலங்கு கை மாறியது. வாசலில் அவர் திரும்பினார்.

“செத்த கல்லு... எப்படி எரிஞ்சுச்சு?”

“அந்தக் கல்லு முந்தாநாளே லேபுக்குப் போயிருச்சு,” என்றார் அன்புச்செல்வி.

“இது இன்னைக்குக் காலையில குழி வாசல்ல நான் பொறுக்கினது சார்,” சவரியப்பன் பல்லைக் காட்டினார். “வறுக்காதது.”

ஏட்டு பேனாவை எடுத்தார். “ரிப்போர்ட்ல என்ன மேடம் எழுத?”

அன்புச்செல்வி பெருமூச்சு விட்டார்.

“பைத்தியக்காரத்தனம்னு சொன்னேன்... நடந்துருச்சே. கல்லை வறுத்தோம், கொலைகாரன் பக்கத்துல நின்னான், எரிஞ்சுச்சுன்னு எழுதுங்க. பெரியவரே, அந்த மணலைக் கொட்டிறாதீங்க. ஸ்டேஷன்ல இன்னும் ஆறு கேஸ் நிலுவையில கெடக்கு!”