இரண்டாவது சைக்கிள்

புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்குச் சின்னப்பிள்ளையும் அவள் கணவர் ரத்தினவேலும் வந்து சேர்ந்தபோது மாலை நான்கரை மணி. பார்வையாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பின்பக்கக் கூடத்தில் ஐந்து பழைய லேடீஸ் சைக்கிள்கள், சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் நின்றன.

"வாங்கம்மா," என்று ஓடிவந்தாள் தேவிப்ரியா. இந்தக் கண்காட்சியை அமைத்தவள். "நாளைக்குத் திறப்பு. பாடுனவங்க நீங்கதான் முதல்ல ஓட்டிப் பாக்கணும்."

தொண்ணூற்றிரண்டில், அறிவொளி இயக்கக் காலத்தில், மாவட்டமெங்கும் பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் பழகினார்கள். கறம்பக்குடிப் பக்கம் ஐந்து பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். அந்தப் பாட்டுக் கேசட் கிடைத்ததும் தேவிப்ரியா குரல்களைப் பிரித்து, சைக்கிளுக்கு ஒன்றாக வைத்துவிட்டாள். மிதித்தால் அந்தக் குரல் பாடும். ஐந்து பேர் சேர்ந்து மிதித்தால் முழுப்பாட்டும் கேட்கும்.

முன்னின்று பாடிய குரல் இரண்டாவது சைக்கிளில் இருந்தது. அதன் கீழே ஒரு பலகை: 'குரல்: சின்னப்பிள்ளை.'

அது பொய்.

அது அருள்மணியின் குரல். கேசட்டில் பெயர் இல்லாததால் தேவிப்ரியா போனில் கேட்டாள். "என் குரல்தான்மா" என்று சின்னப்பிள்ளை சொல்லிவிட்டாள். மற்ற பெண்கள் யாரும் உயிரோடு இல்லை. இருப்பது ரத்தினவேல் ஒருவர்தான். அன்று குழுவுக்கு டோலக் வாசித்தவர்.

வாசிக்கும்போது அவர் கண் அருள்மணியை விட்டு நகராது. பின்வரிசையில் நின்ற சின்னப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே பாடுவாள்.

அப்போதெல்லாம் சைக்கிள் பழக்குகிறவர்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். "விடல, விடல" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடுவார்கள். அப்படித்தான் எல்லோரும் பழகினார்கள். சின்னப்பிள்ளையும் அருள்மணியை அப்படித்தான் விட்டாள். ஆனால் மைதானத்தில் இல்லை, கண்மாய்க்கரைச் சரிவில். கண்மாய் நிறைந்து கிடந்தது. அருள்மணி கரையேறவில்லை. யாரும் சின்னப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை.

அடுத்த வருடம் ரத்தினவேல் சின்னப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். தங்கமான மனிதர். ஆனால் அடுப்படியில் அவள் எதையாவது முணுமுணுத்தால், "அருள்மணி பாடுனா..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொள்வார். அந்தப் பாதியில்தான் அவள் வெந்தாள். ஒருநாள் பாடுவதையே விட்டுவிட்டாள்.

ரத்தினவேல் பலகையைக் குனிந்து பார்த்தார். "முன்குரல் அருள்மணிதுல்ல?"

"முப்பத்திரண்டு வருசமா அவ பேச்சேதான் ஒங்களுக்கு. டோலக் சத்தத்துல யாரு பாடுனான்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் நிமிர்ந்து ஓரமாக விலகி நின்றார்.

சின்னப்பிள்ளை சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தாள். குரல் எழுந்தது.

*எந்திரிச்சு வாடி தங்கச்சி, ஏடு ஒன்னு காத்திருக்கு...*

எத்தனை இனிமை. இத்தனை வருடம் கழித்தும் நெஞ்சு எரிந்தது. வேகமாக மிதித்தாள். எங்கிருந்தோ சேற்று வாடை வந்தது. பாசி பிடித்த தண்ணீரின் வாடை.

பாட்டு நின்றது.

சக்கரம் நிற்கவில்லை.

பின்னால் கேரியர் மெல்ல அழுந்தியது. யாரோ பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வருவது போல இருந்தது. ஸ்பீக்கரில் வேறொரு குரல் பேசியது. இருபத்திரண்டு வயதுக் குரல். அவளுடைய சொந்தக் குரல்.

"விடல... விடல..."

அவள் காலை எடுத்தாள். பெடல் தானாகச் சுற்றியது. பிரேக்கை இறுக்கினாள். சைக்கிளின் முன்பக்கம் சரிவில் இறங்குவது போலத் தாழ்ந்தது.

"அம்மா, போதும், இறங்குங்க," என்று தேவிப்ரியா தோளைத் தொட்டாள். சக்கரம் நின்றது. "கடைசி வரைக்கும் அருமையாப் பாட்டு வந்துச்சும்மா."

"பாட்டு மட்டுமா வந்துச்சு?"

"ஆமாம்மா. வேற என்ன?"

தேவிப்ரியா கையில் பேனாவும் தாளும் இருந்தன. "பலகையெல்லாம் இன்னைக்கே முடிச்சிருவேன். பேரு சரியா இருக்குல்ல?"

ரத்தினவேல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது அருள்மணிக்கான கெஞ்சல் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்த பெயரை அவள் விழுங்கினாள்.

"சரியா இருக்கும்மா," என்றாள்.

இருவரும் பைக்கில் ஊருக்குத் திரும்பினார்கள். மேற்கே சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது. ரத்தினவேல் ஓட்டினார், அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்மாய்க்கரைச் சாலையில் ஏறியதும் திடீரென்று வேகத்தைக் குறைத்தார்.

"நல்லாருக்கு," என்றார் மெதுவாக.

"எது?"

காற்றில் அது அவர் காதுக்கு எட்டவில்லை போலிருந்தது. ஹேண்டில்பாரில் விரலால் தாளம் போட்டார்.

"இம்புட்டு நாளா ஏன் பாடாம இருந்த? அங்க கேட்டப்போ கூட நம்பல. இப்ப நம்புறேன். அது ஒன் குரல்தான், சின்னப்பிள்ளை."

முப்பத்திரண்டு வருடமாக அவள் காத்திருந்த பேச்சு.

அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன.

பாட்டு அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சேற்று வாடை அடித்தது. இரண்டு ஈரக் கைகள் அவள் இடுப்பைப் பிடித்திருந்தன. "ஏங்க, நிறுத்துங்க" என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"பாடு, பாடு," என்றார் ரத்தினவேல். "நிறுத்தாத."

சாலை சரிவில் இறங்கத் தொடங்கியது. கீழே கண்மாய் நிறைந்து கிடந்தது.

ஈர விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"விடல," என்றது காதோரம் அந்த இனிய குரல். "விடல..."