கூரையேறிக் கூப்பிட்டவன்

அறைக்குள் எல்லாவற்றின் மேலும் உறைபனி படிந்திருந்தது. தண்ணீர்க் குடத்தின் வாயில், வில்லின் நாணில், சுவரோரம் சாத்திவைத்த ஈட்டிகளில், பெய் யுவான் போர்த்தியிருந்த கம்பளியில், ஏன், அவனுடைய தாடியில்கூட. எதிர்க் கட்டிலில் விரித்துக் கிடந்த ஆட்டுத்தோல் அங்கியின் மேல் மட்டும் ஒரு துளி இல்லை.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கோட்டைத் தலைவனின் அறை என்று பெயர்தான் பெரிது. மண்ணையும் நாணலையும் மாற்றி மாற்றி இடித்துக் கட்டிய நாலு சுவர், எந்தப் பக்கம் திரும்பினாலும் பாலைவனக் காற்று உள்ளே வர ஒரு சந்து. சந்துகளில் காற்று ஊளையிட்டது, மேலே கொடிக்கம்பத்தின் கயிறு மரத்தில் மோதி மோதி ஒரே தாளமாக அடித்தது, முற்றத்திலிருந்து ஒட்டகச் சாணம் எரியும் புகை வந்தது. அடுப்பு மூட்டலாம். குளிர்கிறது என்று தோன்றினால்தானே மூட்டுவதற்கு. குதிரை தனியாக வந்த நாளிலிருந்து அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. கை, கால், மனசு எல்லாம் மரத்துப்போயிருந்தன.

சமையற்காரர் டூ இரண்டு கிண்ணங்களோடு வந்தார். ஒன்று பெய் யுவானுக்கு. மற்றது எதிர்க் கட்டிலுக்கு, செத்தவருக்கு வைக்கும் சோறு.

"ஐயா, இன்னிக்காவது ரெண்டு வாய் சாப்பிடுங்க. அவருக்கு வெச்சதும் மிஞ்சுது, உங்களுக்கு வெச்சதும் மிஞ்சுது. இந்தக் கோட்டைல பன்னி ஒண்ணுதான் கொழுத்துக்கிட்டு இருக்கு."

"டூ, அந்த அங்கியில பனி விழலையே, பாத்தியா?"

டூ பார்த்தார். கிண்ணத்தைக் கட்டிலில் வைக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அங்கியின் கழுத்துப் பக்கம், மெல்லிசாக, ஆவி மாதிரி ஏதோ கிளம்பிக் கலைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

"பெட்டி தயாராயிடுச்சுங்க," என்றார் டூ, நிமிராமலே. "ஒடம்புக்குப் பதிலா அங்கியை வெச்சு இன்னிக்கே பொதச்சிடலாம்."

அது குவோ ஷென்னின் அங்கி; பெய் யுவானுக்கு அவன் கூடப்பிறக்காத அண்ணன். ஒருகாலத்தில் இருவருக்குமே அது ஒன்றுதான் அங்கி. எல்லைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், இருவரும் வெறும் சிப்பாய்களாக இருந்தபோது, காவலுக்கு மேலே போகிறவன் அதைப் போட்டுக்கொள்வான், கீழே வருகிறவன் கழற்றிக் கொடுப்பான். குவோ ஷென் கழற்றிக் கொடுக்கும்போது அதில் வெங்காயத்தாளும் குதிரை வியர்வையும் மணக்கும். அந்த வாடைக்காக ஆயிரம் தடவை திட்டியிருக்கிறான் பெய் யுவான். பிறகு இருவரும் அதிகாரிகளாகி, ஆளுக்கொரு அங்கி வந்து, குவோ ஷென் ரோந்துப் படைக்குத் தலைவனானான். போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் தினைச் சாராயம் தலைக்கேறி, பெய் யுவானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"டேய் யுவான், நான் போயிட்டா நீதான்டா கூரையேறிக் கூப்பிடணும். வேற எந்தப் பய கூப்பிட்டாலும் வரமாட்டேன். நீ கூப்பிட்டா, எங்க கெடந்தாலும் எந்திரிச்சு வந்துடுவேன்."

"உளறாம படுண்ணே."

"சத்தியம் பண்ணு."

பண்ணினான். செத்தவரின் உடுப்பை விரித்துக் கூரைமேல் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பிரிந்த உயிர் அந்த உடுப்புக்குள் வந்து சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவேதான் ரோந்துக்குப் போனவர்கள் திரும்பாமல், சேணத்தில் இரத்தம் உறைந்த குவோ ஷென்னின் குதிரை மட்டும் வந்து வாசலில் நின்றபோது, பெய் யுவான் அதிகம் யோசிக்கவில்லை. டூ மட்டும் கையைப் பிசைந்தார். "மூக்குல பஞ்சு வெச்சுப் பாக்கலியேங்க. பஞ்சு ஆடலைன்னு தெரிஞ்ச பெறவுதானே கூப்பிடறது வழக்கம்? ஒடம்பே வரலியே." ஒடம்பு எங்கே வரப்போகிறது? ஓநாய்கள் மிச்சம் வைக்குமா? அந்நிய மணலில் அண்ணனின் உயிர் வழிதெரியாமல் அலையும், நாளாக ஆக எட்டாத தூரம் போய்விடும் என்பது ஒன்றே பெய் யுவானுக்குக் கவலை. முந்தாநாள் உச்சிப்பொழுதில் ஏணி வைத்துக் கூரையேறினான். ரோந்தின்போது உடம்போடு இருந்தது புது அங்கி. பழையது அவனுடைய துணிப்பெட்டியில் இருந்தது. அதன் கழுத்தையும் இடுப்பையும் பிடித்து வடக்குப் பார்த்து விரித்து, தொண்டை கிழிய மூன்று முறை கூப்பிட்டான்.

"குவோ ஷென்! திரும்பி வா!"

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அங்கி கனத்தது. காற்று என்று நினைத்தான்.

இப்போது பெட்டிக்குள் வைப்பதற்காக அதை மடித்தபோது, உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல. அந்த வாடைகூட இருந்தது. பெய் யுவானின் கண்ணில் இத்தனை நாள் வராத தண்ணீர் வந்தது. பயமாக இல்லை. வந்துவிட்டான். சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டான்.

"நல்லாத் தூங்குண்ணே," என்று காதருகே சொல்வதுபோல் கழுத்துப் பட்டையருகே சொன்னான்.

ஆணி அடிக்கும்போது உள்ளே ஏதோ புரண்டது. பச்சை மரம், குளிரில் நெரிகிறது என்றான் தச்சு வேலை பார்த்த சிப்பாய். சாணத் தீ போட்டு இளக்கிய குழியில் பெட்டியை இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். ஓநாய் தோண்டாமல் இருக்க மேலே தண்ணீர் ஊற்றி உறையவைப்பது அங்கே வழக்கம். வாளியை யாரிடமும் கொடுக்காமல் பெய் யுவானே ஊற்றினான். மண் கண்ணெதிரே கறுத்து, வெளுத்து, கல்லானது.

கடைசி வாளி ஊற்றும்போது காவல் கோபுரத்திலிருந்து சத்தம் வந்தது. குதிரைகள். நம் ஆட்கள்.

முன்னால் ஸுன் என்ற சிப்பாய் கடிவாளத்தைப் பிடித்து நடந்து வந்தான். பின்னால் குதிரைமேல் குவோ ஷென். தோளில் கட்டு. முதுகு நேராக. மூச்சு வெண்புகையாக வந்துபோனது.

சந்தோஷம் வரவேண்டிய இடம் அது. பெய் யுவான் அதற்காகக் காத்திருந்தான். வரவில்லை. கையிலிருந்த வாளியின் கைப்பிடி உள்ளங்கையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதை மட்டும் கவனித்தான்.

"அண்ணே?"

குவோ ஷென்னின் கண்கள் திறந்திருந்தன. அவை பெய் யுவானைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

"தோள்ல அம்பு. குதிரை மெரண்டு ஓடிடுச்சு," என்றான் ஸுன். "இடையங்க பட்டியில ஒளிஞ்சு கெடந்தோம். பொழச்சிட்டாருங்க. கறி தின்னாரு, கதை பேசுனாரு, எங்களையெல்லாம் கேலி பண்ணாரு. முந்தாநாள் உச்சிவேளையில பேசிக்கிட்டே இருந்தவரு சட்டுனு நிறுத்தி இந்தப் பக்கம் திரும்புனாரு. 'யுவான் கூப்பிடறான்'னாரு. எந்திரிச்சு நின்னாரு. அவ்வளவுதாங்க. பெறவு பேச்சும் இல்ல, தண்ணிகூட எறங்கல. நடக்கவெச்சா நடக்கறாரு."

டூவின் முகத்தைப் பார்க்கப் பெய் யுவானுக்குத் துணிவில்லை.

அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். டூ ஒரு துளி பட்டுப்பஞ்சைக் கிள்ளி மூக்கருகே வைத்தார். ஆடியது. உயிர் உள்ள உடம்புதான்.

குவோ ஷென்னின் கைகள் எழுந்தன.

மெதுவாக, முகத்துக்கு மேல் ஒரு சாண் உயரம் வரை. அங்கே நின்றன. எதிலோ முட்டி நின்றன. விரல்கள் விரிந்து, தடவி, இடமும் வலமும் தேடி, பிறகு மடங்கி, தட்டத் தொடங்கின. ஒன்றுமில்லாத இடத்தில். சத்தமே இல்லாமல். ஒவ்வொரு தட்டலிலும் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. பெய் யுவான் தன் கையை அந்த இடத்தில் விட்டுப் பார்த்தான். காற்று. வெறும் காற்று. ஆனால் அண்ணனின் நகக்கண்ணில் ஒரு சிராய் குத்தி நின்றது. பச்சை மரத்தின் வெள்ளைச் சிராய்.

மூச்சு குறுகத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்தது.

"மறுபடி கூப்பிடறேன்," என்று எழுந்தான்.

"எதைக் காட்டிக் கூப்பிடுவீங்க? அவரு அந்த அங்கிக்குள்ளதானே இருக்காரு," என்றார் டூ. "வெளிய எடுத்து மேல போர்த்துனா ஒருவேள..."

"எடுங்க. எல்லாரையும் கூப்பிடு. கடப்பாறையால ஒடைங்க. பெட்டியை ஒடைச்சாவது எடுங்க, போங்கய்யா!"

டூ ஓடினார். ஸுன்னும் ஓடினான். பெய் யுவான் கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்தான். சுவருக்கு அப்பால் முதல் அடி விழுந்தது. கல்லில் இரும்பு. அடுத்தது. அடுத்தது. அவன் எண்ணங்கள் எல்லாம் அந்தச் சத்தத்தோடு போயின. சீக்கிரம். சீக்கிரம்டா. கல்லாக்கியவன் நான்தான், நான்தான் ஊற்றினேன். இன்னும் ஓங்கி அடிங்கடா.

அடிகளின் சத்தம் மாறியது. கல் போய் மண். மங்கலாக.

குவோ ஷென்னின் முகம் சுளித்தது.

மறுபடி ஓர் அடி. மறுபடி சுளித்தது. அடி விழுந்த அதே நொடியில். கண்ணிமையில் எங்கிருந்தோ ஒரு துளி மண் விழுந்து ஒட்டியது.

அப்போதுதான் புரிந்தது. ஒடைச்சாவது எடுங்க என்று அவனே சொல்லியிருந்தான்.

"நிறுத்துங்கடா!"

காற்று அதை வாங்கிக்கொண்டது. எழப் பார்த்தான். மணிக்கட்டை ஏதோ பிடித்தது. குவோ ஷென்னின் கை. ஐந்து விரலும் இறுகின. இரும்புக் காப்பு மாதிரி.

"விடுண்ணே. ஓடிப் போய் நிறுத்திட்டு வந்துடறேன். விடு. அண்ணே, விடு!"

விடவில்லை.

வெளியே இரும்பு மரத்தில் பட்டது. டொக்.

"நிறுத்துங்க! டூ! ஸுன்! டேய்!"

டொக்.

வேறு வழி தோன்றவில்லை. அண்ணன்மேல் குப்புற விழுந்தான். நெஞ்சோடு நெஞ்சை வைத்து மூடினான். முதுகை மேலே காட்டி, கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்துக் காத்திருந்தான். என்மேல் விழட்டும். என்மேல்.

விழுந்தது.

முதுகில் ஒன்றும் படவில்லை. காற்றுகூட அசையவில்லை. அவனுக்கு அடியில், அவன் மூடிக்கொண்டிருந்த நெஞ்சு, உள்ளே போனது. எலும்பு நொறுங்கும் சத்தத்தைத் தன் விலாவில் கேட்டான்.

தலையை நிமிர்த்திப் பார்த்தான். சட்டை கிழியவில்லை. இரத்தம் இல்லை. சட்டைக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்குப் பள்ளம்.

முற்றத்தைத் தாண்டி டூவின் குரல் வந்தது. ஓட்டமும் மூச்சிரைப்பும் சிரிப்புமாக.

"கெடச்சிடுச்சுங்க! அங்கி கெடச்சிடுச்சு! நடுவுல ஒரே ஒரு ஓட்டைதாங்க, தெச்சுக்கலாம்!"

குவோ ஷென்னின் கண்கள் திரும்பின. பெய் யுவானின் முகத்தில் வந்து நின்றன. யாரென்று தெரிந்துகொண்டன. பிடித்திருந்த கை பிடித்தபடியே இருக்க, அவன் பெயரைச் சொல்ல வாய் திறந்தது. உள்ளே, தொண்டைவரை, மண்.