வண்டிக்குள் அனக்கம்

வண்டி ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. பாறசாலையைத் தாண்டிய பிறகுதான் ஷிஜா அதைக் கவனித்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் போட்ட சின்ன விளக்கு, மழையில் சீக்கிரமே இருட்டிவிட்ட சாயங்காலத்தில், அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

வண்டியைப் பூட்டி இறங்கிய பிறகு மின்ன வேண்டிய விளக்கு அது. நிதானமாக மின்னினால் எல்லாம் சரி. படபடவென்று மின்னினால் உள்ளே ஏதோ அனக்கம், ஏதோ ஒன்று அசைகிறது. அபிலாஷுக்கு ஜாமீன் கிடைத்த அன்றே சித்தி மகன் ஜெனில் பொருத்திக் கொடுத்த அலாரம். நாய் குரைத்தால்கூட சைரன் அலறுகிறது என்று பிறகு அவனே அதன் வயரைக் கழற்றிவிட்டான். விளக்கு மட்டும் மிச்சம்.

அபிலாஷ் அவளுடைய கணவன். வெட்டுகத்தியால் அவள் தோளில் வெட்டியவன். நெய்யாற்றின்கரை கோர்ட்டுப் படியில், போலீஸ்காரரை வைத்துக்கொண்டே, "பிள்ளைய நான் கொண்டு போவேன்" என்று சிரித்தபடி சொன்னவன். அன்றிலிருந்து அவளுடைய அண்ணன் ஜெயன் அவள் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவன் கேலி செய்வான். அவனுக்கென்ன, வெட்டு வாங்கியது அவனில்லையே.

ஆறு வயது மகள் சோனா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை வைப்பர் வழித்து வழித்து விட்டது. செத்த வீட்டில் சவப்பெட்டிக்குள் தெளித்த சென்ட்டின் வாசனை சேலையிலிருந்து போகவே இல்லை. டிக்கிக்குள் ஸ்டெப்னி குழிக்குக் குழி தட்டியது. உதியன்குளங்கரை நெருங்கும்போது ரோடு நன்றாகத்தான் இருந்தது. அங்கேயும் தட்டியது.

வீட்டில் கரண்ட் இல்லை. சோனாவைத் தூக்கிக்கொண்டு போன் வெளிச்சத்தில் உள்ளே போனாள். படுக்கையறையிலும் அதே சென்ட் வாசனை. சேலையை முதலில் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டியதைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு போர்ச்சில் நின்று ஜெனிலை அழைத்தாள்.

"எலே, வண்டி ஓடும்போ அந்த லைட்டு அணையாம எரியுது."

"ஏதோ ஒரு டோரு ஒழுங்கா அடையல்லக்கா. பயப்படாத. சாவியப் போட்டுட்டு ஒவ்வொண்ணா அடிச்சுப் பாரு. எங்க போயிட்டு வாற?"

"சுகிர்தபாய் டீச்சர் மரிச்ச வீட்டுக்கு. நானும் அண்ணனும்."

"அங்க வண்டிய ஆரும் எடுத்தாவளா?"

"எடுத்திருப்பாவ. சாவி வண்டியிலதான கெடந்துது."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்துச் செத்த வீடுகளுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு வண்டி அகலம்தான். பெட்டி ஏற்றும் வண்டி வர வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும், யாருக்குத் தடையோ அவர் நகர்த்திப் போடுவார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவனைத்தான் ஊர் ஏசும். "நான் வண்டிய மாத்திப் போட்டுட்டு, அடக்கம் கழிஞ்சு வாறேன், நீ பிள்ளையக் கொண்டு போ" என்று ஜெயன் ஜெபத்துக்கு நடுவில் எழுந்து போனான். அவள் வெளியே வந்தபோது வண்டி தூரத்தில் ரப்பர் தோட்டத்து ஓரம் நின்றது.

நான்கு கதவையும் திறந்து அடித்தாள். விளக்கு அணையவில்லை. டிக்கி ஒரு நூல் தூக்கி நின்றது. இடுப்பால் ஒரு தள்ளு. கிளிக்.

விளக்கு அணைந்தது. ஷிஜாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"இனி பூட்டிப் பாருக்கா. மெல்ல மின்னுனா செரி."

பூட்டினாள். கண்ணாடி வழியே பார்த்தாள்.

படபடவென்று மின்னியது.

"ஜெனிலே, வேகமா மின்னுது."

"உள்ள பிள்ள உண்டா?"

"இல்ல. அவ வீட்டுக்குள்ள."

முன் சீட். பின் சீட். காலடி. போன் வெளிச்சத்தில் எல்லாம் காலி. டிக்கிக்குள் ஒரு தட்டு. அது மழைச் சத்தமில்லை. ஸ்டெப்னியும் இல்லை.

ஜெனில் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவனாக்கும். தொறக்காத, கேட்டியா. நான் போலீச விளிச்சுட்டு வாறேன். அண்ணன விளி."

ஜெயனின் போன் அணைக்கப்பட்டிருந்தது. கல்லறையில் ஜெபம் நடக்கும் நேரம். அவள் தனியாக நின்றாள். அபிலாஷ் சாவியில்லாமலும் வெளியே வருவான். பின் சீட்டைத் தள்ளிக்கொண்டு வருவான். வந்தால் முதலில் பிள்ளையிடம் போவான். தோளில் பழைய வெட்டு வலித்தது.

தட்டு பலமானது. வண்டி குலுங்கியது. பின் சீட்டின் முதுகு ஒரு முறை முன்னால் புடைத்தது.

சுவரோரம் தேங்காய் உரிக்கும் இரும்புப் பாரை சாய்ந்திருந்தது.

எடுத்தாள். பின் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். சில்லுகள் கொட்டின. உள்ளே இருட்டில் ஏதோ எழுந்தது. தொண்டையிலிருந்து ஒரு முனகல். குத்தினாள். மெத்தென்று இறங்கியது. மறுபடி. எலும்பில் பட்டது. பிடுங்கினாள். மறுபடி. பிள்ளைக்காக. மறுபடி.

முனகல் நின்றது.

ஷிஜா மூச்சு வாங்கியபடி விளக்கைப் பார்த்தாள். அது நிதானமாக மின்னியது. மெல்ல. மிக மெல்ல.

போன் வெளிச்சத்தை உடைந்த கண்ணாடிக்குள் பிடித்தாள்.

அடக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கையும் காலும் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. வாயில் துண்டு. நெற்றியில் பழைய ரத்தம் காய்ந்திருக்க, கழுத்திலிருந்து புது ரத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. கண்கள் அவளைப் பார்த்தபடியே நின்றுவிட்டன.

"அண்ணா," என்றாள்.

டிக்கிக் கதவை இழுத்துத் திறந்து, அவன் முகத்தைப் பிடித்தாள். வாயிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். ஒன்றும் வரவில்லை. அவனுடைய சட்டைப் பையும் பேன்ட் பையும் வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தன. பர்ஸ் கிடந்தது. போன் கிடந்தது. அவனிடமிருந்த இன்னொரு வீட்டுச் சாவி மட்டும் இல்லை.

அவளுக்குப் பின்னால் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுந்தது.

ஓடினாள். பூட்டைத் திறந்தாள். கதவு அசையவில்லை.

"சோனா. மக்கா. கதவத் தொற."

உள்ளே, கதவுக்கு மிகப் பக்கத்தில், தூக்கம் கலையாத குரல்.

"அம்மா, சத்தம் போட்டா கழுத்த அறுப்பேண்ணு அப்பா சொல்லுது."

ஷிஜா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அண்ணனின் ரத்தத்தில் கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள். மறுபடி வழுக்கியது.