காதோரம் குனிந்தவன்

அரசு ஆவணப்படக் காப்பகம் ஒரு பழைய மருந்துக் கிடங்கின் கீழ்த்தளத்தில் இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. படி இறங்க இறங்க அது வற்றிக்கொண்டே வந்து, கடைசிப் படியில் சில்லென்ற சிமெண்டுத் தரை மட்டும்தான் மிச்சம். உள்ளே நுழைந்ததும் அவளை வரவேற்றது ஒரு வாடை. வினிகர் பாட்டிலைத் திறந்து மூக்கடியில் நீட்டியதுபோல் இருந்தது. பழைய பிலிம் கெட்டுப்போனால் இப்படித்தான் புளிக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டாள்.

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவள் டீச்சர். அவளுக்கும் காது கேட்காது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் எப்படியோ தப்பியது. அதன்பின் உலகம் பேசுவதையெல்லாம் அவள் உதடுகளில்தான் படித்தாள். தெருவின் அந்தப் பக்கம் இரண்டு பேர் குசுகுசுத்தாலும் போதும், விஷயம் இந்தப் பக்கம் வந்துவிடும். அவள் இருக்கிற இடத்தில் ரகசியம் பேசக் கூடாது என்று சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள்.

அந்தத் திறமைக்காகத்தான் அழைத்திருந்தார்கள். மாநிலத்தின் ஆண்டு விழாவுக்குப் பழைய செய்திப் படங்களையெல்லாம் கோத்து ஒரு பெரிய படம் தயாராகிக்கொண்டிருந்தது. சந்தை, படகுத்துறை, ஆலை வாசல், பள்ளிக்கூடம், பாலத் திறப்பு என்று ஊர் உலகத்து வாழ்க்கை முழுக்க அதில் இருந்தது. ஆனால் ஒன்றிலும் ஒலி இல்லை. அதில் வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அவள் படித்துச் சொன்னால் எழுத்தாகக் கீழே போட்டுவிடலாம்.

சுருளை ஓட்டிக் காட்டுகிறவரை எல்லோரும் சுருளண்ணன் என்றார்கள். தலைமுடியும் சுருள், தொழிலும் சுருள், பேச ஆரம்பித்தால் அதுவும் லேசில் முடியாது. பழகிய முதல் நாளே, அவளுக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டார். நல்ல மனிதர்.

ஆரம்பத்தில் வேலை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரிப்பன் வெட்ட நிற்கும் அமைச்சர், பக்கத்தில் இருந்தவரிடம் செருப்பு கடிக்கிறது என்று முனகினார். சந்தையில் ஒரு அம்மாள் கேமராக்காரனைப் பார்த்து, உன் வீட்டில் பொம்பளைகளே இல்லையா என்று கேட்டாள். ஒரு தரகர் சொன்னது பணமா மனமா என்பதில் மட்டும் குழப்பம் வந்தது. உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். தரகர் மனத்தைப் பற்றி எதற்குப் பேசப் போகிறார் என்று சொல்லி சுருளண்ணன் அதைத் தீர்த்துவைத்தார்.

அந்த ஆளை அவள் முதலில் பார்த்தது படகுத்துறைச் சுருளில்.

கூட்டம் படகில் ஏறிக்கொண்டிருந்தது. மூட்டை, முடிச்சு, இடுப்பில் குழந்தை. நடுவே வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிய ஒருவன், ஒரு பெரியவரின் பின்னால் நின்று, அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான். முகத்தில் பாதிதான் தெரிந்தது. ஆனாலும் கடைசிச் சொல் பிடிபட்டது.

‘வா.’

பெரியவர் காதை லேசாகத் தடவிக்கொண்டார். தெரிந்தவர் கூப்பிட்டதுபோல் ஒரு சிரிப்பு சிரித்தார். அவன் அடுத்து ஒரு பெண்ணின் பின்னால் போய்க் குனிந்தான். பிறகு ஒரு மாணவன். பிறகு அந்தக் குழந்தை.

அந்தப் படகு என்ன ஆயிற்று என்று கேட்டாள். சுருளண்ணன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார். அன்று மாலையே ஆற்றின் நடுவில் கவிழ்ந்துவிட்டதாம். அதனால்தான் இந்தச் சுருளை அப்போது எங்கும் காட்டவில்லையாம்.

மறுநாள் ஆலை வாசல். வேலைக்கு உள்ளே போகிறவர்களின் வரிசை. அதே சட்டை, அதே பக்கவாட்டு முகம். ஒவ்வொரு காதாகக் குனிந்துகொண்டே வந்தான். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

“யூனிட் ஆளா இருப்பான் டீச்சர். கூட்டத்தை ஒதுக்குறதுக்கு ஒருத்தன் எப்பவும் வருவான்” என்றார் சுருளண்ணன்.

“படகுத்துறையிலயும் இவன்தான் இருந்தான். அது எப்ப எடுத்தது?”

அவர் டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி. ஆலை வாசலில் நிற்கிறவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அந்த ஆலையில் பாய்லர் வெடித்த கதையை அவள் சின்ன வயதிலேயே கேள்விப்பட்டிருந்தாள். சுருளண்ணன் மூடியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

வேண்டாம் என்று அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை. புண்ணைச் சொறிந்துகொண்டே இருக்கும் கைபோல மனம் அங்கேயே போயிற்று. அடுத்த டப்பாவின் மேல் ‘காய்ச்சல் முகாம், பொது மருத்துவமனை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், அதை ஓட்டச் சொன்னதும் அவள்தான்.

இரும்புக் கட்டில்கள். பாதிச் சுவர்வரை வெள்ளை ஓடு. கம்பி போட்ட உயரமான ஜன்னல். திரையில் வாடை வராது. ஆனால் டெட்டால் வாடை அவள் தொண்டைவரை வந்து நின்றது.

ஜன்னலுக்குக் கீழே, மொட்டையடித்த தலையோடு ஒரு பெண் குழந்தை படுத்திருந்தது.

அது அவள்.

பக்கத்துக் கட்டிலில், அதே காய்ச்சலில் போய்விட்ட தம்பி. தம்பியின் முகம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. வீட்டில் அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஒரு காலை மடித்து, போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கிடந்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதனால் தலைமாட்டில் நின்றவனை உடனே கவனிக்கவில்லை.

அவன் குனிந்தான். தம்பி கண்ணைத் திறந்து, சரி என்பதுபோல் தலையாட்டினான்.

அவன் அடுத்த கட்டிலுக்கு வந்தான்.

மொட்டைத் தலையருகே குனிந்து சொன்னான். குழந்தை அசையவில்லை. மறுபடி சொன்னான். குழந்தை பேசாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றி வந்து மறு காதில் சொன்னான். காது போய் இரண்டு நாள் ஆன பிள்ளைக்கு எந்தக் காதில் சொன்னால் என்ன?

அவன் நிமிர்ந்தான்.

குழந்தை எதைப் பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்தான். அது கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கேமராவை நோக்கி நடந்து வந்தான்.

முதல்முறையாக முழு முகம். பயப்படும்படி அதில் ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் மறந்துவிடுகிற முகம். அது திரையை நிறைத்தது. பிறகு வாய் மட்டும் திரையை நிறைத்தது. அது பேச ஆரம்பித்தது. மெதுவாக, உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வோர் எழுத்தாக. காது கேளாதவர்களிடம் ஜனங்கள் பேசுவார்களே, அப்படி.

அவள் பெயரின் முதல் எழுத்து.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“நிறுத்துங்க அண்ணே!”

படம் ஓட்டும் மெஷின் இருந்த மேசையில் உள்ளங்கையை ஊன்றியிருந்தாள். மேசை அதிர்ந்துகொண்டே இருந்தது. நிற்கவில்லை. திரையைத் தவிர்த்து, சுருளண்ணனை மட்டும் பார்க்கும்படி தலையைத் திருப்பிக் கண்ணைத் திறந்தாள். அவர் கையில் பிடுங்கிய பிளக் இருந்தது. வயர் தரையில் கிடந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இதுல சவுண்டே கிடையாதே டீச்சர்” என்றன அவர் உதடுகள். “யாரோ என் பேரைச் சொல்றாங்க.”

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி, சுவரைத் தடவித் தடவிப் படியேறினாள். வெயிலுக்கு வந்ததும் அவர் சிரித்தார். எல்லாம் மனப்பிரமை, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று அவளுக்கே தைரியம் சொன்னார்.

மறுநாள் காலை அவர் இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவியின் உதடுகளில்தான் மீதியைப் படித்தாள். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தாராம். யாருக்கோ, இதோ வந்துவிட்டேன் என்று பதில் சொன்னாராம். மறுபடி படுத்தாராம். அவ்வளவுதான்.

அன்று மாலை அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற அம்மா, அன்று எழுந்து போகவில்லை.

“நான் அவன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்” என்றாள் அம்மா. “காய்ச்சல் விட்டுடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனார். இவன் மேல பாத்து, அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்னான். யார்கிட்டடா பேசுறேன்னு கேட்டேன். அதுக்குள்ள...”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சற்றுப் பொறுத்துக் கையை எடுத்தாள்.

“உன் காது போனதுக்கு நான் சாமியைத் திட்டாத நாள் கிடையாது. காப்பாத்தினதே அதுதானா?”

விழாப் படத்தை எடுக்கும் இயக்குநர் அம்மையாரிடம் போய், மருத்துவமனைச் சுருளைச் சேர்க்கக் கூடாது என்று அவள் சண்டை போட்டாள். காரணம் சொல்ல முடியவில்லை. செத்துப்போன பிள்ளைகளைக் காட்டி விழா கொண்டாடுவதா என்று மட்டும் கேட்டாள். அது எடுபட்டது. மருத்துவமனை, படகுத்துறை, ஆலை மூன்றையும் எடுத்துவிட்டார்கள். அப்பாடா என்று இருந்தது. அதற்கப்புறம் தெருவில் அந்நியர்களின் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பால்காரர் பேசினால்கூடக் குனிந்து பாத்திரத்தைப் பார்த்தாள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள் என்று அவளை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மகளை அழைத்து வர வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை கேட்கிறதா? அம்மாவின் பெயர் திரையில் வரும் என்று அடம்பிடித்து, பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் நடு வரிசையில், ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. படம் ஓடத் தொடங்கியது. அவளுக்குத் திரையைப் பார்க்கத் துணிவில்லை. எழுந்து மேடையின் பக்கச் சுவரோரம் ஒதுங்கி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எதிரே நூற்றுக்கணக்கான முகங்கள், திரை வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தன. இது நம்ம கடைத்தெருடா என்றார் ஒருவர். அந்தச் சைக்கிள் எங்கப்பாது என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். செருப்பு கடிக்கிற அமைச்சர் வந்திருக்க வேண்டும். மனம் கொஞ்சம் இளகிற்று. மகளைத் தேடினாள். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை நின்றது.

கழுத்துவரை பூட்டிய சட்டை.

அது குனியத் தொடங்கியது.

எத்தனை பேர் காலை மிதித்தாள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. கத்தினாளா என்பதும் தெரியாது. ஓடிப்போய் மகளின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் இரண்டு காதுகளையும் அழுத்திப் பொத்தினாள். அம்மா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். என்ன ஏது என்று கேட்டிருப்பாள். அவள் திரும்பவில்லை. நிமிரவும் இல்லை. நிமிர்ந்தால் அந்த வாய் தெரியும். மகளின் உதடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடும்மா, வலிக்குது.”

விடவில்லை.

“பின்னாடி யாரும்மா?”

இன்னும் அழுத்தினாள். பிள்ளையின் காது மடல் உள்ளங்கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது அவளுடைய வலது புறங்கையில் ஒரு மூச்சு பட்டது. ஈரத் துணியைப் போல் குளிர்ந்த மூச்சு. விட்டு விட்டு, ஒரு பெயரைச் சொல்லி முடிக்க எவ்வளவு மூச்சு வேண்டுமோ அவ்வளவு.

நின்றது.

அவள் அப்படியே காத்திருந்தாள். சுற்றிலும் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. கூட்டம் எழுந்து நின்று இவர்களைப் பார்த்தது. நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்று அம்மா அவள் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள். யாருமே இல்லை, கையை எடு என்றாள்.

கையை எடுக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இடது புறங்கை சில்லிட்டது.