மொன்தேரா மன்றம் பின்னோக்கிப் போன நாள்

நகர மன்றத்தின் மணிக்கூண்டு கரைந்து சுவரில் மணலாக வழிந்தபோது, சதுக்கத்தில் கூடியிருந்த ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நுண்கொத்தர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடிக்கணக்கான பொறிகள் கல்லுக்குள் புகுந்து, அது எந்தக் காலத்தில் எந்தப் பாரத்தைச் சுமந்தது என்ற தழும்பைப் படிக்கும். படித்ததும் கல்லைத் துகளாக்கி, முன்பிருந்த இடத்தில் சேர்க்கும். படித்த தழும்பு அழிந்துவிடும் என்பதால் திரும்பி வர வழியே கிடையாது. ஸ்பெயினின் மொன்தேரா என்ற இந்தச் சின்ன ஊரில் பழசை இடித்து அதே கல்லில்தான் புதுசு கட்டியிருந்தார்கள். அதனால் நகர மன்றத்துக்குள் பல மன்றங்கள் இருந்தன.

எந்த நூற்றாண்டுக்கு மீட்பது என்பதில்தான் வம்பு. மன்ற உறுப்பினர்கள் வருடக்கணக்காக மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் மேயர் ரெமெதியோஸ் சமரசம் சொன்னார்: கட்டடம் பின்னோக்கிப் போகட்டும், எல்லாக் கைகளும் உயரும்போது நிறுத்தலாம்.

நிறுத்தும் விசை தூத்துக்குடிப் பொறியாளர் அமலோற்பவத்தின் கையில் இருந்தது. மூன்று வருடம் இந்தச் சுவர்களோடு பழகியவள். இந்தக் கட்டடத்துக்கு ஒன்று ஆனால் தாங்கமாட்டாள்.

பிரபுக்களின் மாடம் எழுந்தது. பாதிக் கைகள் உயர்ந்தன. பட்டு வணிகர் கூடிய மண்டபம் வந்தது; முறுக்கிய கயிறுபோன்ற தூண்கள் மேலேறி விதானத்தில் விரிந்தன. இரண்டு பேர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதுவும் கரைந்து, அரபியர் ஆண்ட காலத்தின் லாட வடிவ வளைவுகள் சிவப்பும் வெள்ளையுமாய் வரிசைகட்டின. வளைவுக்குள் வளைவு, அதற்குள் இன்னொன்று. வெயில் அவற்றின் வழியே தரையில் விழுந்த அழகில் அமலோற்பவத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"நிப்பாட்டும்மா! இதுதான், இதுவேதான்!" மேயர் ஸ்பானிஷில் கத்தியதை அவள் காதிலிருந்த மொழிபெயர்ப்பி தூத்துக்குடித் தமிழில் சொன்னது.

"யக்கா, அமுக்குங்க" என்றான் உதவிப் பொறியாளன் செல்வின்.

அவள் விரல் விசைமேல்தான் இருந்தது. ஆனால் வளைவின் அடியில் வெள்ளையாக ஏதோ தலைகாட்டியது. ரோமானியத் தூணின் உச்சியில் இலைகளாய்ச் செதுக்கிய முடி.

"செத்த பொறுல. அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டு..."

வளைவுகள் போயின. ரோமானியர்களின் நீதிமண்டபம் சலவைக்கல்லில் எழுந்து நின்றது. அவ்வளவு பெரியதை, அவ்வளவு அமைதியானதை அவள் பார்த்ததே இல்லை. நிறுத்தச் சொல்லி இப்போது யாரும் கத்தவில்லை. மேயரின் கைகூடத் தானாகக் கீழே இறங்கியிருந்தது. செல்வின் சிலுவை போட்டுக்கொண்டான். விசை என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

அவள் அமுக்கியபோது தூண்கள் இல்லை; விசை நிறுத்துவதற்குக் கட்டடமே மிஞ்சவில்லை. வெள்ளைத் துகள் எறும்புச் சாரியாக வயலைக் கடந்து மலையேறிக்கொண்டிருந்தது. அங்கே ரோமானியர்கள் கல் வெட்டியெடுத்த பள்ளம் மெல்ல மெல்ல நிரம்பியது. மலை தன் தோளைத் திரும்பப் பெற்றது. உளி படாத அந்தப் பாறை வெயிலில் மின்னியதைக் கண்டு கூட்டம் தன்னை மறந்து கைதட்டியது.

அமலோற்பவம் மட்டும் வெற்று மண்ணைப் பார்த்து அழுதாள். கையிலிருந்த கருவி பணிவாகச் சொன்னது:

"சீரமைப்பு முழுமையடைந்தது. கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லை."