நாவலோடைக் கூடுகள்

வரைபலகை மேல் ஒரு நாவல் கொப்பு கிடந்தது.

காலைத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த அகமது கபீர் சட்டையைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். ஐப்பசிச் சாரலுக்காக அவன் மனைவி மைமூன் அதை முந்தின நாள் பகலிலேயே அடைத்துக் கொக்கி மாட்டியிருந்தாள். கொக்கி மாட்டியபடியே இருந்தது.

கொப்பு ஒரு முழம் இருக்கும். ஏழெட்டு இலை, ஒன்றிலும் வாட்டமில்லை. அடிப்பக்கம் அரிவாளால் வெட்டியது போலவும் இல்லை, கையால் ஒடித்தது போலவும் இல்லை. சாய்வாக, சின்னச் சின்னதாய்ப் பல் பதிந்து, ஈரமாக இருந்தது.

"மைமூன், இத யாரு இங்க போட்டா?"

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காக்கா கொண்டாந்திருக்கும்."

"எல்லாம் சாத்திக் கெடக்கு."

"அப்ப உங்க சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். காட்டுலதான உங்க வேலை."

காட்டு வேலை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு நாவல் மரம்கூடக் கிடையாது. கொப்பை வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டுக் கையை இரண்டு தரம் கழுவினான். பச்சை மரம் அறுத்த வாசனை விரலை விட்டுப் போகவில்லை.

கபீர் நாவலோடைப் பூங்காத் திட்ட ஆபீசில் படம் வரைபவன். மலைச்சரிவை நரையணில் என்ற பெரிய மலையணில்களுக்கான சரணாலயமாக அறிவித்த கையோடு, அடிவாரத்தில் ஜனங்களுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று பேச்சு கிளம்பி, அதற்காகத் திறந்த ஆபீஸ் அது. கேட்டதில் நியாயம் இருந்தது. ராஜபாளையத்து மில்லுகளில் ஆறு நாள் பஞ்சுத் தூசியைத் தின்கிறவர்கள் ஏழாம் நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவார்கள்? நாவலோடையில் கோடையிலும் தண்ணீர் ஓடும். குளிக்கப் படித்துறை, ஊஞ்சல், கேன்டீன், மேட்டில் ஒரு ரெஸ்ட் ஹவுஸ், அங்கே போக ஒரு ரோடு.

"காடும் இருக்கணும், ஜனங்களும் வரணும், ஊரும் முன்னேறணும்" என்றார் இன்ஜினீயர் சுப்புராஜ். "மூணும் ஒரே படத்துல வரணும் கபீர். அது உங்க கையிலதான் இருக்கு."

அவன் கையில்தான் இருந்தது. படத்தில் மலையடிவாரம் நெடுக நேராக இறங்கிவந்த சிவப்பு எல்லைக் கோட்டை ஓடைக்குப் பக்கத்தில் மட்டும் மேற்கே கொஞ்சம் தள்ளி வளைத்தான். ஓடைக்கரைத் தோப்பு சரணாலயத்துக்கு வெளியே வந்துவிட்டது. வெளியே வர ஒரு காரணம் காட்ட வேண்டும். தோப்பில் அணில் இல்லை என்று இருக்க வேண்டும்.

ஆனால் காட்டுக் காவலுக்கு இருந்த வாட்சர் கருத்தையா எண்ணி வைத்திருந்தார். தினக்கூலிக்கு வேலை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டியவர், தரையில் நடக்கும்போதுகூட அண்ணாந்தே நடப்பவர்.

"நாப்பத்தி மூணு கூடு பாய். நரையணிலு தரையில கால் வைக்காது. கொப்புக்குக் கொப்பு தாவித்தான் போவும். இந்தத் தோப்ப எடுத்துட்டீயன்னா மேக்க உள்ளது மேக்கயே நிக்கும், கெழக்க உள்ளது கெழக்கயே செத்துப்போவும்."

"எழுதிக்கிறேன்ணே" என்றான் கபீர். எழுதினான். பழைய கூடுகள், பயன்பாட்டில் இல்லை.

மறுநாளும் கொப்பு கிடந்தது. இந்தமுறை அலமாரிக்குள், மடித்து வைத்த வேட்டிகளுக்கு நடுவே. மூன்றாம் நாள் அவன் தலையணைக்கு அடியில். மைமூன் எலி என்றாள், மரநாய் என்றாள், பிறகு அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள்.

சத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. ஒரு கூரையில் ஏறினால் தரையில் இறங்காமலே தெருமுனைவரை போய்விடலாம். சாயங்காலம் மில் சங்கு ஊதி அடங்கியதும் முனை வீட்டு ஓட்டில் அது தொடங்கும். குரங்கு என்றால் தடதடவென்று ஓட்டைப் பெயர்த்துப்போட்டுக்கொண்டு ஓடும். இது அப்படியில்லை. ஒரு ஆள் கனம் உள்ளது எதுவோ நாலு காலில், ஓடு உடையாமல் பார்த்துப் பார்த்து வைத்து, ஒவ்வொரு வீட்டு மேலும் கொஞ்சம் நின்று, மூச்சுவிட்டு, அடுத்த கூரைக்குத் தாவும். கபீரின் வீட்டுக்கு மேல் வந்ததும் நடை நின்றுவிடும். அதற்குப் பிறகு போன சத்தம் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனை வேம்பில் அந்தக் கூட்டைப் பார்த்தான். வேப்பமரத்தில் வேப்பிலையால் கட்டியதல்ல. அத்தனையும் நாவல் கொப்பு. ஒரு ஆள் கையைக் காலை முடக்கிப் படுக்கும் அளவுக்கு இருந்தது.

சைக்கிள் கடை பிச்சை முகம்மது பஞ்சர் ஒட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். "பருந்து கட்டியிருக்கும். செத்த பெருசாத்தான் இருக்கு, என்ன?"

கபீர் மொபெட்டை எடுத்துக்கொண்டு மலையைப் பார்த்துப் போனான். ரோட்டு வளைவில் நின்ற புளியமரத்தில் ஒரு கூடு. கண்மாய்க்கரை மருதமரத்தில் ஒன்று. பேண்டேஜ் கம்பெனிக்காரர்கள் துணியைக் காயப்போட்டிருந்த பொட்டலுக்கு அந்தப் பக்கம் ஒற்றைப் பனையில் ஒன்று. அதன் விளிம்பில் வெள்ளைத் துணி நுனி காற்றில் ஆடியது. பூங்கா கேட்டுக்குள் வண்டியை நிறுத்தியபோது ஏழு எண்ணியிருந்தான். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் வரைபடத் தாளில் ஏழு புள்ளி வைத்தான். ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தோப்பில் தொடங்கிய கோடு நேராக அவன் வீட்டுக்கு வந்தது.

பூங்காவில் நல்ல கூட்டம். சிமென்ட் யானை மேல் நாலைந்து பிள்ளைகள். படித்துறையில் ஒரு மில்காரப் பெண் முழங்கால்வரை தண்ணீரில் நின்று, கூச்சத்தை விட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷம் பொய்யில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அறுத்த மரங்களின் அடிக்கட்டைகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்து உட்காரும் இடமாக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய கட்டையைச் சுற்றி ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தது.

அந்தக் கட்டையைத்தான் எட்டு மாதமாக அவன் பார்க்காமல் இருந்தான்.

மாசி மாதம். மரம் அறுப்பதற்கு முந்தின நாள் கருத்தையா ஆபீசுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய நாவல்ல ஒரு கூட்டுல ரெண்டு குட்டி கெடக்கு பாய். கண்ணு தொறக்கல. காலையில ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க. நான் ஏறி எறக்கிருதேன்." சரி என்று கபீர் தலையாட்டினான். மறுநாள் பத்து மணிக்கு மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருவதாக விடிந்த பிறகுதான் தகவல் வந்தது. அவர்கள் கண்ணில் ஒரே ஒரு குட்டி பட்டாலும் படம் பொய் என்று ஆகிவிடும்.

மெஷின் வாளைத் தூக்கிக்கொண்டு நின்றவன் கேட்டான்: "மேல ஆள் இருக்கா சார்?"

மரத்தடியில் ஒரு ஜோடி டயர் செருப்பு இருந்தது. அதன் மேல் மடித்துவைத்த துண்டு.

"இல்ல. அறுங்க."

'இறங்கிப் போயிருப்பார் என்று நினைத்தேன்.' இந்த எட்டு மாதமும் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இது. ஆனால் வாள் முதல் சுற்று சுற்றியபோது மேலே, இலைகளுக்கு நடுவிலிருந்து, கோபமே இல்லாத ஒரு குரல் 'பாய்' என்று ஒரு தரம் கூப்பிட்டது. மற்றவர்கள் காதில் மெஷின் சத்தம். அவன் காதில் விழுந்தது. அனுமதி இல்லாமல் தேன் எடுக்க ஏறி விழுந்து இறந்தார் என்று எழுதிய தாளில் முதல் கையெழுத்து கபீருடையது.

வீட்டுக்குத் திரும்பியபோது மைமூன் பரணைப் பார்த்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மேல எதோ குட்டி போட்டிருக்குங்க. முனகுற மாதிரி கேக்கு."

ஏணி வைத்து ஏறினான். பழைய பாய்க்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே நாவல் கொப்புகளை எதுவோ வட்டமாகப் பின்னத் தொடங்கியிருந்தது. உள்ளே பேண்டேஜ் துணி, பூப்போல உதறிப் பரப்பியது. கையை வைத்தான். சூடாக இருந்தது.

"என்னங்க இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றான். சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டான். மாசி மாதத்துக் குரல். ஏணியிலிருந்து இறங்கியவன் செருப்பைக்கூட மாட்டவில்லை. "நீ அடுத்த வீட்டுல போயி இரு. நான் ஒரு எடத்துக்குப் போயிட்டு வாரேன். ஒருத்தங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

கருத்தையாவின் வீடு ராஜபாளையம் பக்கத்து அடிவாரக் காலனியில் கடைசி வீடு. அவன் போய்ச் சேர்ந்தபோது அந்தி மங்கி, மழை பிடித்து, கரண்டும் போயிருந்தது. அவர் மனைவி சுடலையம்மாள் அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து கம்பெனியிலிருந்து வாங்கி வந்த பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய். எட்டு மாசமாச்சு உங்களுக்கு வர."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கோட்டை வளைத்தது, கூடுகளைப் பழையது என்று எழுதியது, செருப்பு, துண்டு, அந்த ஒரு குரல், கையெழுத்து. நடுவில் அழுதான். அவள் கை சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் பாய்."

"யாரு சொன்னாக்கா?"

"எங்க வீட்டுக்காரவியதான்."

அவள் எழுந்து, சட்டியிலிருந்து ஒரு தட்டில் சோறு போட்டாள். "அவிய இப்பத் தரைக்கு எறங்குறதில்ல. சோத்தையும் மேலதான் வைக்கச் சொல்லுதாவ." எக்கி நின்று தட்டை உத்தரத்தின் மேல் வைத்தாள். "ஒத்தக் கொறைதான் அவியளுக்கு. அம்புட்டு மரமும் போயிட்டுல்லா. குட்டிகள வைக்க எடம் அமையல. எங்க கட்டிப் பாத்தாலும் சரியா வரலயாம். உங்க வீட்டுல வச்சுக்கூடக் கட்டிப் பாத்தாவளாம்."

அப்போதுதான் அவனுக்குப் புலப்பட்டது. வெளியே மழை அடித்து ஊற்றுகிறது. ஓட்டில் மழை விழும் சத்தம் இல்லை.

ஏதோ ஒன்று அந்தச் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

பச்சை மர வாசனை. ஈரமான மயிர் வாசனை.

அண்ணாந்து பார்த்தான்.

ஓடு தெரியவில்லை. தட்டு இருந்த இடம் போக உத்தரமும் தெரியவில்லை. சுவருக்குச் சுவர் கொப்பு, இலை, கொப்பு. ஓர் இலைகூட வாடவில்லை. நடுவில் ஓர் இருட்டு வாய்.

அதற்குள்ளிருந்து ஒரு கை வந்து தட்டை நகர்த்தி வைத்தது.

பிறகு தலை.

கருத்தையா தலைகீழாக இறங்கினார். நடுத்தூணைக் கட்டிப்பிடித்து, அவசரமில்லாமல். காதோரம் நரைமயிர் கற்றையாக நின்றது. பாதங்கள் பின்பக்கமாகத் திரும்பி, விரல்கள் மரத்தைக் கவ்வியிருந்தன. முகம் கபீரின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. கண்ணில் கோபம் இல்லை. அளவெடுக்கிற பார்வை. ஒரு மரத்தைப் பார்க்கிற பார்வை.

ஓடிவிடு என்றது மனசு. வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

ஒரு கொப்பு அவன் காலருக்குள் செருகப்பட்டது. இலை கழுத்தில் குளிர்ந்தது. இன்னொன்று அக்குளில். இன்னொன்று.

சுடலையம்மாள் பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கிழித்து நீட்டினாள். அந்தக் கை வாங்கி வாங்கி அவன் சட்டைக்குள் திணித்தது.

"கண்ணு தொறக்காத குட்டிகல்லா பாய்" என்றாள் மெதுவாக. "மெத்துனு இருந்தாத்தான் ஒறங்கும்."

வாயைத் திறந்தான். அதிலும் துணி.

அவன் நெஞ்சுக்கூட்டின் மேல் எதையோ வைத்தார்கள். கையளவு. மயிர் முளைக்காதது. ஈரமானது. அது சூடு தேடி நெளிந்து, அவன் இதயம் அடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மூக்கை முட்டிக்கொண்டு அடங்கியது.

கபீர் அசையவில்லை. அசைந்தால் விழுந்துவிடும்.

மேலே, இருட்டுக்குள்ளிருந்து, இரண்டாவது குட்டியைக் கவ்விக்கொண்டு அந்தத் தலை மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது.